பந்தைத் தாங்கும் சுழற்சி

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருந்துகொண்டு கைப்பேசித் திரையில் கோல்ஃப் ஆடும் மாணவருக்கு ஓர் ஐயம் எழலாம். 45 பாகைக் கோணத்தில் எறியப்படும் பொருளே மிகத் தொலைவு செல்லும் என்கிறது பாடநூல். திரையிலோ நெடுந்தூர அடிக்குரிய மட்டை பந்தைத் தாழ்வாகவே அனுப்புகிறதே!

பாடநூல் காற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. சாய்ந்த முகமுள்ள மட்டை, பந்தை எழுப்புவதோடு பின்னோக்கிச் சுழலவும் வைக்கிறது. சுழலும் பந்து காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விசை பந்தை மேலே தாங்குகிறது. இதுவே மாக்னஸ் விளைவு. 1890-களில் எடின்பராப் பேராசிரியர் டெய்ட், பந்தில் நாடாவைக் கட்டி அடித்து, அதில் விழுந்த முறுக்குகளை எண்ணியே சுழற்சியை அளந்தார். எவ்வளவு எளிய கருவி, பாருங்கள்!

நெடுந்தூர மட்டையின் முகச்சாய்வு சுமார் 10 பாகை. 56 பாகைச் சாய்வுள்ள மட்டை பந்தை உயரே எழுப்பி, மிகுதியாகச் சுழற்றும். தரையைத் தொட்ட பந்து சில வேளை பின்னுக்கே உருளும். திரையில் ஏற்றத்தையும் சுழற்சியையும் தனித்தனியே மாற்றலாம். மெய்யான மட்டையில் அவை பிணைந்தே வரும்.

தாளை உருளையாகச் சுருட்டி ஒட்டுங்கள். மேசைமேல் சாய்த்து வைத்த பலகையில் அதை உருட்டிவிடுங்கள். விளிம்பைத் தாண்டியதும் அது மேசைக்கடியில் வளைந்து விழும். இங்கே சுழற்சி முன்னோக்கியது.