பிடித்தது பி.எஃப். இல்லையாம்!

எங்கள் வீடு கவரைப்பேட்டையில். மருமகள் பி.காம்., படித்தவள். 2023 ஏப்ரலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். சம்பளம் 18,000 ரூபாய். கைக்கு வந்தது 16,200. "மீதி 1,800 பி.எஃப்.-க்குப் போகுது அத்தை" என்பாள். நானும் நல்லதுதானே, பின்னாடி உதவும் என்று இருந்துவிட்டேன்.

2024 ஜூலையில் பிரவுசிங் சென்டரில் ஐ.டி.ஆர்.-1 படிவத்தில், சம்பளம் 2,16,000 என்று போட்டு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தாள். 'பிடித்த பணம் திரும்ப வரும்' என்றார்கள். வந்ததோ நோட்டீஸ்! கணக்கு குறைபாடுள்ளது, 15 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று.

பதறிப்போய் பொன்னேரியில் ஒரு ஆடிட்டரிடம் ஓடினோம். அவர் 26ஏ.எஸ். படிவத்தை எடுத்துக் காட்டினார். சம்பளத்துக்கு வரி பிடித்தால் அதில் 192 என்ற பிரிவு இருக்குமாம். இவளுக்கு இருந்ததோ 194ஜே. அதாவது, டாக்டர், வக்கீலுக்குக் கொடுப்பது போலத் தொழில்முறைக் கட்டணம்! மாதம் பிடித்த 1,800 பி.எஃப். இல்லை, 10 சதவீத வரி. கம்பெனி 'கட்டணம்' என்கிறது, இவள் 'சம்பளம்' என்கிறாள். அதுதான் முரண்பாடு.

ஐ.டி.ஆர்.-4 படிவத்தில் திருத்தித் தாக்கல் செய்தோம். வருமானம் வரி வரம்புக்குள் இருந்ததால், 21,600 ரூபாயும் திரும்பி வந்துவிட்டது.

ஆனால், திரும்பி வராதது வேறு. அப்போது மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. 21,000-க்குள் சம்பளம் என்பதால் ஈ.எஸ்.ஐ. இருக்கும், 26 வாரப் பேறுகாலப் பணம் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். பி.எஃப்.-பும் இல்லை, ஈ.எஸ்.ஐ.-யும் இல்லை. கம்பெனியில் கேட்டதற்கு, சேரும்போது அவள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். அதில் 'ஆலோசகர்' என்று இருந்தது. படிக்காமலே போட்டிருக்கிறாள், பாவம்!

"தாளில் என்ன எழுதியிருந்தாலும், தினமும் வருகைப் பதிவு வைத்து, அவர்கள் சொல்லும் நேரத்தில், சொல்லும் வேலையைச் செய்தால் அது உத்தியோகம்தான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. அலுவலகங்களில் புகார் கொடுக்கலாம்" என்றார் ஆடிட்டர். அதைச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகு, அடுத்த மாதமே ஊழியராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால், பேறுகாலப் பணத்துக்கு அதற்கு முந்தைய சந்தா காலங்களில் 70 நாட்களாவது சந்தா கட்டியிருக்க வேண்டுமாம். பேரன் பிறந்தபோது அரை வருஷச் சம்பளம் போனது போனதுதான்.

தோழிகளே! உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, பிடித்த பணம் எதற்கு என்று கேளுங்கள். பி.எஃப். என்றால் யு.ஏ.என். எண், ஈ.எஸ்.ஐ. என்றால் காப்பீட்டு எண் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் உஷார்! கையெழுத்துக்கு முன் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கவரைப்பேட்டை.