மூட்டு வலியை விட, அந்தப் பயம்தான் பெரிது!

எங்கள் கடையநல்லூர் பக்கம், தரையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து பீடி சுற்றியே பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் ஏராளம். வயதான காலத்தில் அவர்களில் பலருக்கு மூட்டு வலிதான் மிச்சம். என் மாமியாரும் அப்படித்தான்.

'மூட்டை மாற்றியாக வேண்டும்' என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகியும், அவர் சம்மதிக்கவில்லை. செயற்கை மூட்டின் விலைக்கு 2017ல் மத்திய அரசு உச்சவரம்பு கொண்டு வந்து விட்டதே என்று சொன்னோம். 'காசுக்கு இல்ல தாயி... ஆபரேஷன் முடிஞ்சு வர்ற வலியை நெனச்சாலே ஈரக்கொலை நடுங்குது' என்பார்.

மயக்க மருந்து டாக்டர்தான் அந்தப் பயத்தைப் போக்கினார். முதுகில் போடும் ஊசி, சில மணி நேரத்தில் தெளிந்து விடும். அதன் பிறகு வரும் வலிக்கு, தொடையின் உட்பக்கம், ஸ்கேனில் பார்த்தபடியே நரம்பின் அருகில் தனியாக ஒரு மருந்து செலுத்துகின்றனர். 'நெர்வ் பிளாக்' என்று பெயர். பெரும்பாலும், 12 முதல் 24 மணி நேரம் வரை வலியைக் குறைக்கும். தொடை இடுக்கில் போட்டால் தொடைச் சதை பலமிழந்து விடும். கீழே போடும்போது பலம் பெருமளவு அப்படியே இருக்குமாம். மறுநாளே வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தார் மாமியார்!

வலி அடியோடு போய்விடாது. மூட்டின் பின்புறம் அவருக்கு வலி இருந்தது. ஊசி தெளியும்போது வலி சட்டென்று ஏறும் என்பதால், அதற்கு முன்பே மாத்திரை கொடுத்து விட்டனர்.

உடனிருந்து பார்த்துக் கொள்ளும் சகோதரிகளே... மரத்த காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது. பாத்ரூமுக்குக் கூட தனியாக எழுந்திருக்க விடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், சர்க்கரையால் கால் மரத்துப் போகிறவர், ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி விடுங்கள். ஊசி போட்டதும் காது இரைந்தாலோ, நாக்கு மரத்தாலோ, பிறகு சொன்ன நேரம் தாண்டியும் கால் மரத்தே இருந்தாலோ, உடனே தெரிவியுங்கள்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே, 'வலிக்கு என்ன செய்வீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். வலி அடங்கினால்தான் காலை மடக்கி, நீட்டி பயிற்சி செய்ய முடியும். பயிற்சி செய்தால்தான், மாற்றிய மூட்டுக்குப் பலன்!

— ஒரு மருமகள், கடையநல்லூர்.