வித்தும் விளைநிலமும்

பொருநையாற்று வயல்களில் கார், பிசானம் என்று இரு போகம் நெல் விளைவதை நீங்கள் அறிவீர்கள். ஒரே வித்தை வாய்க்காலின் தலைப்பில் விதைத்தாலும் கடைமடையில் விதைத்தாலும் விளைவு ஒன்றாக இராது. மனநோயைப் பற்றி எண்ணும்போதும் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். "அது குடும்பத்தில் வருவது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுவோர், வித்தை மட்டும் கண்டு நிலத்தை மறந்தவர் ஆவர்.

மனச்சிதைவு என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்பதும், காரணமின்றி எவரையும் ஐயுறுவதும் இதன் அறிகுறிகள். ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவர் வாழ்நாளில் இதற்கு ஆளாகிறார். தாய் தந்தையருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில் உயர்கிறது. எஞ்சிய தொண்ணூற்றுவர் தப்பிவிடுகின்றனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் கண்டாலும், மற்றவருக்கு வரும் வாய்ப்புப் பாதிக்கும் குறைவே. எனவே மரபு ஒரு சார்பைத் தருகிறது, விதியை எழுதிவிடுவதில்லை.

அப்படியாயின் குடும்பத்தின் பங்கு யாது? பெற்றோரின் வளர்ப்பே இந்நோயை உண்டாக்குகிறது என்று மேனாட்டறிஞர் சிலர் ஒரு காலத்தில் கருதினர், அக்கொள்கை நிலைபெறவில்லை. ஆனால் 1950-களில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பார் தொடங்கிய ஆய்வுகள் வேறோர் உண்மையைப் புலப்படுத்தின. தேறி வீடு திரும்பியவருள், ஓயாது குறைகூறும் இல்லங்களிலும், உண்பது உடுப்பது வரை கட்டுப்படுத்தும் இல்லங்களிலும் வாழ்ந்தோர்க்கு நோய் மீண்டும் தலைகாட்டுவது மிகுதியாயிற்று.

இதனினும் கொடியது நோயாளியை மறைத்து வைத்தல். தங்கையின் திருமணம் தடைப்படுமே என்றஞ்சித் தமையனைப் பின்கட்டு அறையில் அடைப்போர் நம்மிடையே இல்லாமல் இல்லை. பேச்சுத்துணையும் மருந்தும் இன்றி நோய் முற்றுகிறது. வீட்டில் வைத்திருக்க இயலாதபோது தொலைவிற் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர்.

அதன் முடிவை ஏர்வாடி காட்டியது. நம் மாவட்டத்து ஏர்வாடியை நான் கூறவில்லை. இராமநாதபுரக் கடற்கரையில், தர்கா உள்ள ஊரைக் கூறுகிறேன். அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிற் பிணிப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் விலக்கியுள்ளது.

குடும்பமே மருந்தாவதும் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல நிலையத்தில், உறவினர் நோயாளியோடு உடன் தங்கி, அவரைப் பேணும் முறையைக் கற்கும் வழக்கம் ஏற்பட்டது. அடைத்து வைத்த கைகளே அரவணைக்கவும் பழகின.

மாணவர்களே, இந்நோய் பெரும்பாலும் உங்கள் பருவத்தை ஒட்டியே தொடங்குகிறது. நன்கு பயின்ற தோழன் உறக்கமிழந்து, எவரோடும் பேசாது ஒதுங்கினால், அவனை நகையாடாதீர், தனியே விடாதீர். பெரியோரிடம் கூறுங்கள். பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர் உள்ளனர்; 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்ல நாணாத நாம், இதற்கு மட்டும் நாணுவானேன்?