ஸ்டார்லைனர்: மிச்சம் மூன்று பயணத்துக்கு இவ்வளவு பாடா?

போயிங்கின் ஸ்டார்லைனர் பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் கடையை இன்னும் மூடலையா?" மூடவில்லை. 2025 நவம்பரில் நாசாவும் போயிங்கும் ஒப்பந்தத்தைத் திருத்தின. ஆறு பயணம் என்று இருந்தது நான்காகக் குறைந்தது, மற்ற இரண்டும் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. அந்த நான்கில் முதலாவதில் ஆள் கிடையாது, சரக்கு மட்டும். 2014-ல் இந்த வேலைக்குப் போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர். குறைவாக வாங்கியவர்கள் 2020-லிருந்து ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். விலையை முன்கூட்டியே முடித்துவிட்ட ஒப்பந்தம் என்பதால், போயிங்குக்குக் கைக்காசு 200 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது.

மென்பொருள்காரனான எனக்கு வயிற்றைப் பிசைவது 2019 டிசம்பர் கதைதான். ஆளில்லாத முதல் சோதனைப் பயணம். கலம் தன் கடிகாரத்தை அட்லஸ் ராக்கெட்டிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டது, ஆனால் ரொம்ப சீக்கிரம் கேட்டுவிட்டது. 11 மணி நேரம் பிசகு. ராக்கெட்டிலிருந்து பிரிந்ததும் 'நாம வேற கட்டத்துல இருக்கோம்' என்று நினைத்து எரிபொருளை வீணாக எரித்துத் தள்ளியது. விண்வெளி நிலையத்துக்குப் போகாமலே இரண்டு நாளில் இறங்கியது.

ஏன் முன்பே பிடிபடவில்லை? ஏவுதல் முதல் நிலையத்தில் இணைவது வரை ஒரே ஓட்டமாகச் சோதித்தால் 25 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று துண்டு துண்டாகச் சோதித்திருக்கிறார்கள். ராக்கெட்டிலிருந்து பிரியும் இடத்தில் ஒரு துண்டு முடிகிறது. பிழை சரியாக அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மாட்யூல் எல்லாம் தனித்தனியா பாஸ் ஆயிடுச்சே" என்று ரிலீஸுக்குத் தலையாட்டிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு ரோல்பேக் செய்தவன் நான். என் தப்பில் சில ரிப்போர்ட்கள் தப்பாக வந்தன, அவ்ளோதான்.

மென்பொருளையாவது திருத்திவிடலாம். 2024 ஜூனில் வந்தது வேற மாதிரி வியாதி. புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் நிலையத்தை நெருங்கும்போது 28 சிறிய த்ரஸ்டர்களில் 5 அணைந்தன. கூடவே ஹீலியம் கசிவு. எரிபொருளைத் தள்ளிக் கொடுப்பதே ஹீலியம்தான். த்ரஸ்டர்கள் 'டாக்ஹவுஸ்' எனப்படும் நான்கு கூடுகளுக்குள் நெருக்கமாக இருக்கின்றன. அடுத்தடுத்து எரியும்போது உள்ளே சூடு தங்கிவிடுகிறது. தரையில் இதேபோல எரித்துப் பார்த்தபோது, வால்வில் இருக்கும் சின்ன டெஃப்ளான் அடைப்பு சூட்டில் உப்பி எரிபொருள் பாதையை நெருக்கியது தெரிந்தது. ஆனால் மேலே இருந்த த்ரஸ்டர்கள் ஆறியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டன! தானாகச் சரியாகிற பக் எவ்வளவு பயங்கரம் என்று எங்கள் தொழிலில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தத் திட்டத்தின் எதிர்காலம் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் என்று நான் நினைப்பது இதைத்தான்: பழுதான த்ரஸ்டர்கள் இருப்பது சர்வீஸ் மாட்யூலில். பூமிக்குத் திரும்பும்போது அதைக் கழற்றிவிடுவார்கள், அது காற்றில் எரிந்துபோகும். கீழே வருவது ஆட்கள் உட்காரும் கூண்டு மட்டும். லாக் இருக்கு, மெஷின் இல்ல. 2022 சோதனையிலும் சில த்ரஸ்டர்கள் அணைந்தன. மூல காரணம் முழுசாகப் பிடிபடாமலே அடுத்த பயணத்தில் இரண்டு பேரை ஏற்றினார்கள். என் பார்வையில் பெரிய தப்பு அதுதான், கடிகாரம்கூட இல்லை.

2024 ஆகஸ்டில் நாசா, 'இவர்கள் இதில் திரும்ப வேண்டாம்' என்றது. செப்டம்பரில் கலம் காலியாக வந்து நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஒழுங்காக இறங்கியது. "பாத்தீங்களா, வந்திருக்கலாமே" என்றார்கள் சிலர். ஒரு தடவை தப்பித்ததால் காரணம் தெரிந்துவிட்டதாக ஆகிவிடுமா? எட்டு நாள் என்று போன இருவரும் 286 நாள் கழித்து 2025 மார்ச்சில் டிராகன் கலத்தில் வந்தார்கள்.

அப்போ டிராகனே போதுமே என்று கேட்கலாம். 2024 ஜூலையில் ஒரு கோளாறால் ஃபால்கன் 9 சுமார் இரண்டு வாரம் பறக்கவில்லை. 2025 ஜூனில் அதிபர் டிரம்ப்போடு சண்டை வந்த சூட்டில், டிராகனையே நிறுத்திவிடப் போவதாக எலான் மஸ்க் எழுதினார். சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கினார் என்பது வேறு விஷயம். இரண்டாவது வண்டி வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

பிரச்சினை, காலம் இல்லை. நிலையத்தை 2030 வரை நடத்துவதாகத்தான் இப்போதைய திட்டம். அட்லஸ் ராக்கெட் உற்பத்தி முடிகிறது. ஸ்டார்லைனருக்கென்று ஒதுக்கி வைத்த சில மட்டும் இருக்கின்றன. அடுத்ததாக வந்திருக்கும் வல்கன் ராக்கெட்டில் ஆளை ஏற்றிப் பறக்கத் தனியாகச் சான்று வாங்க வேண்டும். வெறும் மூன்று பயணத்துக்காக யார் அந்தச் செலவைச் செய்வார்கள்?

அதனால் அடுத்த சரக்குப் பயணத்தை நான் சரக்குப் பயணமாகப் பார்க்கவில்லை. என்ன கொண்டுபோகிறது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. நிலையத்தை நெருங்கும் கடைசி மணி நேரங்களில், அந்த நான்கு கூடுகளுக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது, ஒரு த்ரஸ்டராவது அணைகிறதா என்பதைத்தான் பார்க்கப்போகிறேன்.