தொலைவினின்று கைபிடித்துக் கற்பித்தல்

கைத்தொழில் எதுவாயினும் அது சொல்லால் மாத்திரம் கற்பிக்கப்படுவதன்று. திண்ணைப் பள்ளிச் சிறுவன் மணலில் எழுத்தறிந்தது, ஆசிரியர் அவன் விரலைப் பற்றி இழுத்தமையாலன்றோ? எவ்வளவு அழுத்துவது, எங்கே நெகிழ விடுவது என்பனவற்றை நாவினும் கையே நன்குரைக்கும். ஆசிரியரும் மாணாக்கரும் பல நூறு மைல் பிரிந்திருப்பின் அக்கைப்பிடி கிட்டுமோ? யந்திரக்கரங்களை, அதாவது ரோபோக்களை, இயக்குவோர்க்கு அது கிட்டுமாறு செய்யும் முயற்சியையே நாம் ஈண்டு விளக்கப் புகுந்தனம்.

ஐம்புலன்களுள் ஊறு என்பது தொட்டறிவது. தொல்காப்பியர் உயிர்களை அறிவுமுறையால் வகுக்குமிடத்து இதனையே முதற்கண் வைத்தார். இஃது இருவகையாக நம்மை வந்தடைகின்றது. தோலிலுள்ள நுண்ணுறுப்புக்கள் அதிர்வையும் வழவழப்பையும் அறிவிக்கும். தசைகளும் மூட்டுக்களும் பளுவையும் எதிர்ப்பையும் அறிவிக்கும். கண்ணை ஏமாற்றுதல் எளிது; வினாடிக்கு 24 படங்களைக் காட்டினால் அது தொடர்ந்த அசைவெனக் கொள்ளும். கையோ அங்ஙனம் மயங்குவதன்று. கடினமான பொருளைத் தொடுவதுபோன்ற உணர்ச்சியை யந்திரத்தால் உண்டாக்கவேண்டின், விசையை வினாடிக்கு 1,000 முறையளவு கணக்கிட்டுச் செலுத்துதல் வேண்டும். இத்துறையின் அருமை இதனால் விளங்கும்.

இதன் தொடக்கம் அமெரிக்காவிலே சிக்காகோ நகரை அடுத்த ஆர்கான் ஆராய்ச்சிச்சாலையில் நிகழ்ந்தது. கதிர்வீசும் பொருள்களைக் கையால் தொடுதல் உயிர்க்கு இறுதியாமாதலின், ரேமண்ட் கோர்ட்ஸ் என்பார் தடித்த சுவருக்கு இப்பால் ஒரு தலைக்கரமும் அப்பால் ஓர் ஏவற்கரமும் அமைத்தார். 1954-இல் அவற்றை மின்சாரத்தால் இணைத்து, ஏவற்கரம் எதிர்ப்பட்ட பொருளின் எதிர்ப்பு, தலைக்கரம் பற்றியவர் கையிலும் தோன்றுமாறு செய்தனர்.

பின்னர் இம்முறை சத்திர சிகிச்சையிற் புகுந்தது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், ஜாக் மாரெஸ்கோ என்னும் வைத்தியர் நியூயார்க்கில் அமர்ந்து, பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரிற் கிடந்த 68 வயது மூதாட்டியின் பித்தப்பையை யந்திரக்கரங்களால் நீக்கினார். நோயாளியின் அருகே வேறு வைத்தியர் ஆயத்தமாய் நின்றனர். 2003 முதல் கானடாவில் மெஹ்ரான் அன்வரி என்பார், ஹாமில்டன் நகரிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நார்த் பே மருத்துவசாலையின் வைத்தியர்களுடன் கூடிச் சிகிச்சை புரிந்தார். இதன் பெரும்பயன், நோயாளி பெருநகரத்தை நாடிச் செல்லாமையும், சிற்றூர் வைத்தியர் தம் ஊரிலிருந்தே தேர்ச்சி பெறுதலுமாம்.

எனினும் பல்லாண்டுகள் இவ்வகைக் கரங்களை இயக்கியோர் கண்ணையே நம்பினர். நூல் இறுகுவதையும் தசை இழுபடுவதையும் படத்திற் கண்டு ஊகித்தனரேயன்றிக் கையால் உணர்ந்திலர். சிகிச்சைக்கரங்களுட் பெயர்பெற்ற டாவின்சி யந்திரம் 2000-இல் அமெரிக்க அரசின் இசைவு பெற்றது; விசையை உணர்த்தும் கருவிகளோடு கூடிய அதன் ஐந்தாம் வகை இசைவு பெற்றது 2024-இலேயே.

இனி, ஊற்றுணர்ச்சியாற் கற்பிக்குமாறு கூறுவாம். ஆசிரியர்க்கு ஒரு கைப்பிடியும் மாணாக்கர்க்கு ஒரு கைப்பிடியும் அமைத்து, அவ்விரண்டையும் ஏவற்கரத்தோடு இணைப்பர். முதல் நிலையில் ஆசிரியர் இயக்க, மாணாக்கரின் கைப்பிடி தானே உடன் அசைந்து வழிகாட்டும். இரண்டாம் நிலையில் இருவர் விசையும் பங்கிடப்படும். ஆசிரியரின் பங்கை முக்காலாகவோ காலாகவோ வைக்கலாம். மூன்றாம் நிலையில் மாணாக்கரே இயக்குவர். ஆசிரியர் தம் கையில் அவ்வசைவை உணர்ந்து, பிழை நேருமிடத்து மாத்திரம் தடுப்பர். பெரிய இரத்தக்குழாய் போன்ற அபாயமான இடத்தைச் சூழக் கண்ணுக்குப் புலனாகாத வேலியொன்றை வகுத்து, கரம் அதனை அணுகுங்கால் கைப்பிடி தடைப்படுமாறு செய்தலும் உண்டு.

இம்முறைக்குப் பெரும்பகை காலத்தாழ்வு. 36,000 கிலோமீட்டர் உயரத்து நிற்கும் செயற்கைத்துணைக்கோளின் வழியே செய்தி சென்று மறுமொழி மீள அரை வினாடியளவு ஆகும். படம் அரை வினாடி தாழ்ந்தால் இயக்குவோர் சிறிது அசைத்துப் பின் காத்திருந்து வேலை செய்வர் என்பதை 1960-களிலேயே வில்லியம் பெரல் கண்டறிந்தார். விசை தாழ்ந்து வந்தாலோ கேடு பெரிது. முன்னைய அழுத்தத்திற்குரிய எதிர்ப்பு, கை வேறிடம் சென்றபின் வந்து தள்ளும். கை அதற்கு எதிர்த்து அழுத்தும். இங்ஙனம் இரு கரமும் ஊசலாடத் தொடங்கும். செய்தி செல்லும் வழி தானாகச் சக்தியை ஈனாதவாறு செய்து இதனை அடக்கும் உபாயத்தை ஆண்டர்சன், ஸ்பாங் என்னும் இருவர் 1989-இல் வெளியிட்டனர். ஆயினும் தாழ்வு மிக்கவிடத்து வன்மையான பொருளும் மென்மையாய்த் தோன்றும். ஆகவே தொட்டுக் கற்பித்தல், தாழ்வு குறைந்த கம்பிவழியிலேயே செவ்வனே நிகழும்.

மற்றொரு குறை யந்திரத்தைச் சார்ந்ததன்று; கற்பித்தலைச் சார்ந்தது. இடையறாது பிறர் கையால் நடத்தப்படுவோன் அப்போது பிழையின்றிச் செய்வான். அக்கை நீங்கியவுடன் தடுமாறுவான். தானே முயன்று, தவறி, திருத்திக்கொள்ளாதவன் உடலில் தொழில் படிவதில்லை. ஆதலின் ஆசிரியரின் பங்கைப் படிப்படியே குறைத்தல் வேண்டும். கம்பி அறுபட்ட கணத்தில் நோயாளியின் உயிர் அருகிலிருப்பவர் கையில் உளது என்பதை எண்ணுங்கால், இஃது எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகும்.

எனவே இக்கருவியின் சிறப்பை அளக்கவேண்டுவது, ஆசிரியர் கை எவ்வளவு தொலைவு எட்டிற்று என்பதைக்கொண்டன்று; அக்கை விலகியபின் மாணாக்கர் கை எவ்வளவு உறுதியாய் நின்றது என்பதைக்கொண்டேயாம்.