மாதவிடாய் தள்ளிப்போவது ஏன்?

மாதவிடாய் என்னும் சொல்லைப் பலர் கேட்க உரைப்பதற்கு நாணும் வழக்கம் நம்மிடை இன்றும் முற்றாக நீங்கவில்லை. சுகாதார ஏடுகளை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு அந்த நாணம் கட்டுப்படியாகாத ஒன்று. எனினும் அதனால் விளையும் கேட்டை நாம் உணர்ந்தது அலுவலக மேசையில் அன்று; தில்லியில் நம் அண்டை வீட்டில். மணமாகி ஊரிலிருந்து வந்து ஓராண்டும் நிரம்பாத இளம்பெண் ஒருவர் மூன்று மாதங்களாக விலக்காகாமல் இருந்தார். கருவுற்றிருக்கிறார் என்று வீட்டார் மகிழ்ந்தனர். அது இல்லையென்று தெரிந்தபின், "வடக்கத்திக் குளிரும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி அமைந்துவிட்டனர். மருத்துவரிடம் சென்றபோதும், இந்தியில் அதற்குரிய சொல் அறியாமையால், வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி மாத்திரை பெற்றுத் திரும்பினார் அப்பெண். நம் இல்லத்தார் உடன் சென்று எடுத்துரைத்த பின்னரே, தைராய்டுச் சுரப்பி மந்தமாக இயங்குவது இரத்தப் பரிசோதனையில் புலப்பட்டது. இதற்குள் ஏழு மாதங்கள் கழிந்திருந்தன.

தள்ளிப்போயிற்று என்று சொல்லுமுன் கணக்கு சரியா என்று பார்த்தல் வேண்டும். உதிரம் தோன்றிய முதல் நாள் தொடங்கி, அடுத்த முறை தோன்றும் முதல் நாளுக்கு முந்திய நாள் வரை எண்ணுவதே முறை. குளித்த நாளிலிருந்து எண்ணுவோர் பலர். அதனால் கணக்கு பிறழும். 28 நாள் என்பது ஒரு நடுத்தர அளவேயன்றிச் சட்டம் அன்று. வயது வந்த மகளிர்க்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பே. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 45 நாள் வரை நீள்வதும் உண்டு. அதுபற்றிச் சிறுமியரை அச்சுறுத்த வேண்டுவதில்லை. ஆயின் 15 வயது நிரம்பியும் பூப்பெய்தாத பெண்ணை மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

இனி, இச்சுழற்சி நடைபெறும் விதத்தைக் காண்போம். கருப்பையில் வெளிப்படும் இதற்கு ஆணை பிறப்பது மூளையின் அடிப்பகுதியில். ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது. கரு உண்டாகாவிடில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கருப்பையின் உட்படலம் கழன்று உதிரமாக வெளியேறுகிறது. இந்த இரண்டு வாரக் காலம் பெரிதும் மாறுவதில்லை. மாறுவது அதற்கு முந்திய பகுதியே. ஆகவே மாதவிடாய் தாமதித்தது என்றால், பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்கு முன்பே முட்டை வெளிப்படுவது தாமதித்திருக்கிறது, அல்லது அம்மாதம் வெளிப்படவே இல்லை என்பது பொருள். இன்று வராததற்குக் காரணத்தை நேற்றைய உணவில் தேடுவதில் பயனில்லை.

காரணங்களில் முதலாவது எது என்பதை நம் மொழியே சொல்லிவிடுகிறது. "முழுகாமல் இருக்கிறாள்" என்றால் கருவுற்றிருக்கிறாள் என்பதன்றோ பொருள்! மணமான மகளிர் எவராயினும், வேறு எதையும் எண்ணுமுன் இதை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். நாள் தவறியதும் சிறுநீர்ச் சோதனை செய்யலாம். இல்லையென்று காட்டி, விலக்கும் ஆகவில்லையெனில் ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்க. மருந்துக் கடைகளில் இதற்கான அட்டை கிடைக்கும். 'நிஸ்சய்' என்னும் பெயரில் ஆஷா பணியாளர் வழியாகவும் அரசு வழங்குகிறது. இதைச் செய்யாது எள்ளும் வெல்லமும் இடித்துத் தின்று காத்திருப்போர் உளர். எள்ளுருண்டை நல்ல உணவு. ஆனால் அது சோதனைக்கு ஈடாகாது. பாலூட்டும் தாய்மார்க்கு மாதவிடாய் பல மாதம் நின்றிருப்பது இயல்பு. எனினும் அது திரும்பி வருமுன்னரே முட்டை வெளிப்பட்டு மறுபடியும் கருவுறக்கூடும் என்பதை மறத்தலாகாது.

ஊர்விட்டு ஊர் வந்தோர் கூறும் குளிர், தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி நம் கருத்து இது: இவை தாமே மாதவிடாயை நிறுத்துவதாகக் கொள்ள ஆதாரமில்லை. ஆனால் ஊர்மாற்றத்துடன் பிறவும் சேர்ந்து வருகின்றன. உற்றாரைப் பிரிந்த கவலை. ரொட்டி பிடிக்காமல் அரைவயிறு உண்ணல். இரவுப் பணியால் குலைந்த உறக்கம். மருத்துவமனைகளில் முறைமாற்றிப் பணிபுரியும் செவிலியர் இதை நன்கு அறிவர். உடலுக்கு நெருக்கடி நேர்ந்ததென்று மூளை உணர்ந்தால், கருத்தரிப்பதற்கு இது காலமன்று என்று தன் ஆணையைத் தளர்த்திவிடுகிறது. உடல் சட்டென்று மெலிந்தாலும் மிகப் பருத்தாலும் இவ்வாறே நேரும். இவ்வகைத் தடுமாற்றம் இரண்டொரு மாதத்தில் சீர்படக்கூடும். மூன்று மாதமாகியும் சீர்படாததை வந்த ஊரின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

நீடித்த தாமதத்திற்கு மிகுதியாகக் காணப்படும் காரணம் சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்கும் கோளாறு. 1935இல் ஸ்டைன், லெவந்தால் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இதனை விரித்துரைத்தனர். பெயரைக் கேட்டு நடுங்குவோர் பலர். உண்மையில் அவை நோய்க்கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகளே. மகளிரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இது உண்டு. முகத்தில் மயிர் வளர்தல், பருக்கள், இடை பருத்தல், கழுத்தின் பின்புறம் கறுத்தல் ஆகியவை உடன் தோன்றலாம். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகுதியாதலின் இதனைக் கவனியாது விடுதல் தகாது. உடல் பருத்தவர் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைத்தாலே பலர்க்குச் சுழற்சி திரும்புவதுண்டு.

தைராய்டு குறைந்தாலும் மிகுந்தாலும் மாதவிடாய் பிறழும். குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசிந்தால் பிட்யூட்டரியை ஆராய வேண்டும். கருப்பையைத் தாக்கும் காசநோயும் நம் நாட்டில் ஒரு காரணம். இருமல் இல்லாமலே இது இருக்கக்கூடும் என்பதால் எளிதில் புலப்படுவதில்லை. இரத்தச் சோகையைக் காரணமாகச் சொல்லும் வழக்கமும் உண்டு. பெரும்பாலும் அது மிகுந்த உதிரப்போக்கின் விளைவேயன்றித் தாமதத்தின் காரணம் அன்று.

மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். திருமணம், பண்டிகை, யாத்திரை என்று நாளைத் தள்ளிவைக்க மாத்திரை உண்ணும் வழக்கம் நம் இல்லங்களில் பரவியுள்ளது. நிறுத்திய சில நாட்களில் விலக்காதல் வேண்டும். ஆகாவிடில் கருவுற்றிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் அடுத்த நாளை முன்பின்னாக்கும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி மாதவிடாயை நிறுத்தியும் விடலாம். லக்னௌவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகத்தில் உருவாகி, அரசுத் திட்டத்தில் 'சாயா' என்னும் பெயரில் வழங்கும் மாத்திரை சிலர்க்குச் சுழற்சியை நீட்டிக்கும். அஃது அறிந்த விளைவே.

நாற்பதைக் கடந்தவர்க்கு மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குகையில் ஒழுங்கு குலைவது இயல்பு. ஓராண்டு முழுதும் வராமலிருந்தாலே நின்றதாகக் கொள்வர். அதன்பின் ஒரு துளி உதிரம் கண்டாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரைக் காண்க. நாள் தவறிய நிலையில் அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ கண்டால், கருக்குழலில் கரு தங்கியிருக்கக்கூடும். அப்போதே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

மொழி தெரியாத இடத்தில் இதை எப்படிச் சொல்வது? இந்தியில் மாஹவாரி என்பர். பேச்சில் மஹீனா என்றே போதும். வங்காளத்தில் மாசிக், தெலுங்கில் நெலசரி. யாவும் மாதத்தைக் குறித்த சொற்களே. மராத்தியர் மட்டும் பாளி, அதாவது முறை, என்கின்றனர். மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, கடைசியாக எந்நாளில் ஆயிற்று என்பதே. இந்தியில் "ஆக்ரி மஹீனா கப் ஆயா தா" என்று அது காதில் விழும். கடந்த ஆறு மாதத் தேதிகளையும், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். நம் அண்டை வீட்டுப் பெண் இப்போது சமையலறைக் காலண்டரில் முதல் நாளை வட்டமிட்டு வைக்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் தனியாகவே சென்று வந்தார்.