உலாவிப் பதிப்புகளின் ஆதரவுக் காலம்

ஓர் இணைய உலாவியின் குறிப்பிட்ட பதிப்பில் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளை, அதை உருவாக்கிய நிறுவனம் திருத்தித் தரும் காலமே அப்பதிப்பின் ஆதரவுக் காலம் எனப்படும். இக்காலம் முடிந்த பின்னரும் உலாவி வழக்கம்போல் திறக்கும், பக்கங்களைக் காட்டும். ஆனால் அதன் பின் தெரியவரும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. புதிய பதிப்பில் எது திருத்தப்பட்டது என்பதை ஆராய்ந்தே பழைய பதிப்பின் ஓட்டையைத் தாக்குவோர் கண்டுபிடிக்க முடியும். ஆகவே நாள் செல்லச் செல்ல ஆபத்து கூடுகிறது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர்

மைக்ரோசாப்ட் தன் உலாவியை விண்டோஸ் இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே வழங்கியது. எனவே இயங்குதளத்திற்கு ஆதரவு உள்ளவரை உலாவிக்கும் ஆதரவு தொடர்ந்தது. 2001 ஆகஸ்டில் வெளியான எக்ஸ்புளோரர் 6, விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த 2014 ஏப்ரல் 8 வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, திருத்தங்களைப் பெற்றது.

இந்த நீண்ட ஆயுள் நன்மையாக மட்டும் அமையவில்லை. பல அலுவலகங்களின் உள் மென்பொருள்கள் அந்த ஒரு பதிப்பில் மட்டுமே இயங்குமாறு எழுதப்பட்டதால், அவை புதிய உலாவிக்கு மாறத் தயங்கின. 2010 ஜனவரியில், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் மீதான தாக்குதலுக்கு எக்ஸ்புளோரரின் ஓர் ஓட்டை பயன்பட்டது தெரியவந்தது. உடனே ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் அரசு அமைப்புகள் வேறு உலாவியைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தின. 2011 மார்ச்சில், ஆறாம் பதிப்பைக் கைவிடுமாறு மைக்ரோசாப்டே பரப்புரை தொடங்கியது.

2016 ஜனவரி 12 முதல், ஒவ்வொரு விண்டோஸிலும் கிடைக்கும் கடைசி எக்ஸ்புளோரர் பதிப்புக்கு மட்டுமே ஆதரவு என்ற விதி வந்தது. விண்டோஸ் 10இன் பெரும்பாலான பதிப்புகளில் எக்ஸ்புளோரர் 11 செயலி 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது.

நான்கு வாரச் சுழற்சி

பயர்பாக்ஸ் 2020 முதலும் குரோம் 2021 முதலும் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்ற முறைக்கு மாறின. புதிய பதிப்பு வந்ததும் பழையதன் ஆதரவு முடிகிறது. அடிக்கடி மாற்ற இயலாத நிறுவனங்களுக்காக, சுமார் ஓராண்டு ஆதரவுள்ள தனிப் பதிப்பைப் பயர்பாக்ஸ் 2012 முதல் வழங்கிவருகிறது.

இயங்குதளத்தின் பங்கு

உலாவி தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும் கணினி பழையதானால் அது ஓரிடத்தில் நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கிய கடைசி குரோம் பதிப்பு 49. விண்டோஸ் 7இல் 109. பயர்பாக்ஸோ தன் 115ஆம் நீண்டகாலப் பதிப்பின் கெடுவை, விண்டோஸ் 7 போன்ற பழைய இயங்குதளங்களுக்காகப் பலமுறை நீட்டித்தது.

எனவே வங்கிப் பணிக்கோ தேர்வு விண்ணப்பத்திற்கோ ஒரு கணினியைப் பயன்படுத்தும் முன், உலாவியின் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. அதன் பதிப்பு எண்ணையும், இயங்குதளத்திற்கு இன்னும் ஆதரவு உள்ளதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.